மூன்று பக்க விபத்தும் இரண்டு வரி சம்மனும்

கேள்வி: என் பெயரில் உள்ள பைக்கை என் தம்பி (வயது 31) ஓட்டிப்போனபோது, சாலையைக் கடந்த 58 வயதுக்காரர் ஒருவரை இடித்துவிட்டான். அவர் சந்தையில் சுமை தூக்குபவர். வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. தம்பியே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனையில் சேர்த்தான். அவரது மகன் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. அதில் வண்டி எண் மட்டும் இருக்கிறது, ஓட்டியவர் பெயர் இல்லை. பைக் ஸ்டேஷனில் நிற்கிறது. தம்பிக்கு லைசென்ஸ் இல்லை. எப்போதோ எடுத்த எல்.எல்.ஆரும் காலாவதி. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. "நீயே ஓட்டியதாகச் சொல்லிவிடு, எல்லாம் சுலபமாக முடியும்" என்கிறார் எங்கள் மாமா. எதிர்த்தரப்பு இரண்டு லட்சம் கொடுத்தால் கேஸை வாபஸ் வாங்குகிறோம் என்கிறது. ஆர்.சி. புத்தகத்தோடு வரும்படி எஸ்.ஐ. கூப்பிட்டிருக்கிறார். அந்த வண்டிக்கு ஹெல்மெட் அபராதம் இரண்டு பாக்கி என்று வேறு செல்போனில் மெசேஜ் வருகிறது. என்ன செய்யலாம்?

பி.கு. தம்பியின் மனைவி பத்து மாதமாகத் தாய் வீட்டில் இருக்கிறார். நான்கு வயது மகளும் அவரோடுதான். ஜீவனாம்சம் கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து 18-ம் தேதிக்குச் சம்மன் வந்தது. விபத்து விவகாரம் முடியட்டும் என்று தம்பி அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டான்.

பதில்:

உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். அதில் விபத்துக்கு இரண்டே முக்கால் பக்கம், சம்மனுக்குக் கடைசி இரண்டு வரி. நான் அந்த இரண்டு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு இப்போது மிகப் பக்கத்தில் இருக்கும் தேதி அதுதான்.

சம்மனை வாங்காவிட்டால் கேஸ் நகராது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உங்களை விட்டுவிட்டு நகரும். ஜீவனாம்ச மனு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1-க்கு முன்னால், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து எல்லோரும் '125 கேஸ்' என்று சொல்லி வந்தது இதைத்தான். எதிர்மனுதாரர் வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார், அல்லது வர மறுக்கிறார் என்று நீதிமன்றம் கருதினால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே விசாரித்து உத்தரவு போடலாம். மனைவி தரப்பு தம்பியின் வருமானம் நாற்பதாயிரம் என்று சொன்னால், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், வராததற்குத் தகுந்த காரணமும் காட்ட வேண்டும். 'விபத்துக் கேஸ் இருந்தது' என்பதை எந்த நீதிபதியும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தள்ளிப்போட்டால் தொகை குறையும் என்ற கணக்கும் தப்பு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் பாக்கியாகச் சேரும். பாக்கியைக் கட்டாவிட்டால் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று அதே பிரிவு சொல்கிறது.

"அவள் தானே விட்டுப் போனாள்" என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதை நீதிமன்றத்தில் வந்து சொல்லி நிரூபிக்க வேண்டும். மகளுக்கு அந்த வாதமே பொருந்தாது. நான்கு வயதுக் குழந்தை யாரையும் விட்டுப் போகவில்லை. அம்மா அப்பா சண்டையில் யார் பக்கம் நியாயம் இருந்தாலும் குழந்தையின் பங்கு குழந்தையுடையது.

அதனால் 18-ம் தேதி காலையில் தம்பி நேரில் போய் நிற்கட்டும். திருப்பி அனுப்பிய சம்மனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆஜராகி மனு நகலைக் கேட்டு வாங்கலாம், பதில் மனுவுக்கு வாய்தா கேட்கலாம். போன உடனே சிறையில் போடும் இடமில்லை அது. பெரும்பாலும் முதலில் கவுன்சலிங்குக்குத்தான் அனுப்புவார்கள். பத்து மாதத்தில் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் முதல் வாய்ப்பாகவும் அது இருக்கலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களே சில சமயம் இதை மறந்துவிடுகிறோம்.

வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் இரண்டு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பெற்றோருக்கான மருத்துவச் செலவு ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விபத்தால் உண்மையிலேயே கடன் வாங்கியிருந்தால் அதையும் காட்டலாம். மாமாவிடம் வாங்கியதாக ஒரு பொய்க் கடன் பத்திரம் மட்டும் தயாரிக்க வேண்டாம். குடும்ப நல நீதிபதிகள் தினமும் பத்து மாமாக்களைப் பார்ப்பவர்கள்.

சரி, இப்போது விபத்து.

மாமாவின் யோசனையை முதலில் தீர்த்துவிடுவோம். செய்யாதீர்கள். இது நல்லொழுக்க உபதேசம் இல்லை, முழுக்க நடைமுறைக் காரணம். காயம்பட்டவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஒரு பதிவு போட்டிருப்பார்கள். யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார் என்று அதில் இருக்கும். கொண்டுவந்தது தம்பி. விழுந்ததில் அவருக்கும் முழங்கையில் சிராய்ப்பு, அங்கேயே கட்டுப் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பதிவாகியிருக்கும். ஆட்டோக்காரர் இருக்கிறார், கடைகளின் கேமரா இருக்கிறது, அந்த நேரத்தில் உங்கள் செல்போன் எந்த டவரில் இருந்தது என்பது இருக்கிறது. நஷ்டஈட்டு வழக்கு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தன் புலனாய்வாளரை அனுப்பும். ஆள் மாறாட்டத்தைத் தோண்டி எடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

அது வெளியே வந்தால் என்ன ஆகும்? இப்போது தம்பி மேல் இருப்பது ஜாமீனில் விடக்கூடிய, அலட்சியம் பற்றிய ஒரு வழக்கு. அலட்சியத்தில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவில் வரும் தனிக் குற்றம். அதில் மாட்டுவது நீங்கள். அதோடு, வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு சொல்கிறது. எஸ்.ஐ. உங்களைக் கூப்பிட்டிருப்பது பெரும்பாலும் இதைக் கேட்கத்தான். தம்பி ஓட்டினார் என்று சொல்லுங்கள். எப்படி நடந்தது என்ற கதைக்குள் நீங்கள் போகாதீர்கள், நீங்கள் அங்கே இல்லை.

இனி நீங்கள் ஒரே கேஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பதைப் பிரித்துக் காட்டுகிறேன். அந்த ஒரு மோதலிலிருந்து கிளம்பியிருப்பவை மூன்று. முதலாவது, தம்பி மீதான குற்ற வழக்கு, மாஜிஸ்திரேட் முன்னால். இரண்டாவது, காயம்பட்டவர் போடப்போகும் நஷ்டஈட்டு வழக்கு, மோட்டார் வாகன விபத்துக் கோருரிமைத் தீர்ப்பாயத்தில். மூன்றாவது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதும் ஓட்டக் கொடுத்ததும். ஒன்றில் நீங்கள் போடும் கையெழுத்து இன்னொன்றை மூடாது, ஆனால் இன்னொன்றில் சாட்சியாக வந்து நிற்கும். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு லட்ச ரூபாய்க் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

குற்ற வழக்கில் பாரதிய நியாய சன்ஹிதாவின் இரண்டு பிரிவுகள் வந்திருக்கும். பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்புறம் 125-வது பிரிவின் பி உட்பிரிவு (ஜீவனாம்சத்தின் பழைய '125 கேஸ்' வேறு, இது வேறு). எலும்பு முறிந்தாலே சட்டத்தின் பார்வையில் அது கொடுங்காயம். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை, ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும், அது தயவு இல்லை, உரிமை. ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, சொன்ன நாளில் போக வேண்டும். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி.

ஸ்டேஷனில் கையெழுத்து விஷயம் பலருக்குக் குழப்பம். நோட்டீஸ் பெற்றதற்கு, ஜாமீன் பத்திரத்துக்கு, வண்டியைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜருக்குக் கையெழுத்துப் போடலாம், படித்துவிட்டு. ஆனால் விசாரணையில் சொல்வதை ரைட்டர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெள்ளைத் தாளில் கேட்டால், 'வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் சார்' என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. பைக்கை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு திரும்பக் கேட்கலாம். ஸ்டேஷனில் கொடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு வாங்கலாம். வெயிலிலும் மழையிலும் ஒரு வருடம் நிற்க விட்டுவிடாதீர்கள்.

இரண்டு லட்சத்துக்கு வருவோம். முத்திரைத்தாளில் 'வாபஸ் வாங்கிக்கொண்டேன்' என்று எழுதி வாங்கினால் கேஸ் முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு வழக்கை நடத்துவது அரசு, புகார்தாரர் இல்லை. 125-ஐ காயம்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். 281-க்கு அந்த வசதி கிடையாது. சமாதானத்தைக் காட்டி மொத்தமாக ரத்து செய்யக் கேட்பதென்றால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள், பணம் கேட்பது மகன். நஷ்டஈடு கேட்கும் உரிமை காயம்பட்ட அப்பாவுடையது. நாளைக்கு அவர் தீர்ப்பாயத்தில் 'எனக்கு அந்தப் பணம் வரவில்லை' என்று சொன்னால் உங்கள் முத்திரைத்தாள் எவ்வளவு தாங்கும்?

அதற்காக அவர்களை எதிரியாக நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். சுமை தூக்கிப் பிழைப்பவருக்குக் கால் போனால் வீட்டில் அடுப்பு எரிவது நின்றுபோகும். போய்ப் பாருங்கள். மருந்துக்கோ ஸ்கேனுக்கோ உதவுவதானால் பில்லை நேரடியாகக் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் அதைக் காட்டிக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. மொத்தமாகப் பேசி முடிப்பதென்றால் அவர் நஷ்டஈட்டு மனு போட்ட பிறகு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்), இன்சூரன்ஸ் கம்பெனியையும் வைத்துக்கொண்டு முடியுங்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே போடும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. 'இன்னும் ஒரு லட்சம்' என்று அடுத்த வருடம் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பையைத் தொடப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி கொடுத்துவிடும் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். கம்பெனி கொடுக்கும், பிறகு உங்களிடமே வசூலிக்கும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் போடும் உத்தரவு இது: காயம்பட்டவர் காத்திருக்கக் கூடாது, எனவே இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. அதே தீர்ப்பில் உரிமையாளருக்கு ஒரு சின்னக் கதவும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை என்பதை மட்டும் காட்டினால் போதாது, உரிமையாளர் தெரிந்தோ கவனக்குறைவாகவோ வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும். ஆனால் சாவி எப்போதும் கூடத்து ஆணியில்தான் தொங்கும், தம்பி அடிக்கடி எடுத்துப் போவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

எனவே தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 'கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்த வழக்கில் கம்பெனியும் நீங்களும் ஒரே பக்கம் இல்லை. வருமான இழப்பு எவ்வளவு, ஊனம் எத்தனை சதவீதம், சாலையைக் கடந்ததில் அவர் பக்கம் தவறு உண்டா என்று உங்கள் வக்கீல் தனியாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. விபத்து நடந்ததைக் கம்பெனிக்கு இதுவரை தெரிவிக்கவில்லை என்றால் இன்றே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் ஒரு கெடு இருக்கிறது. அதுவரை ஓட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று மாமா அடுத்து சொல்லக்கூடும். அந்தக் கெடுவை எதிர்த்தே உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

குற்ற வழக்கில் இன்னொரு ஆலோசனையும் உங்களுக்கு வரும்: 'ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வா, அரை நாளில் வேலை முடிந்தது.' என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் கட்டிவிட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டிய முதல் காகிதமே அந்த அபராத ரசீதுதான். தவறு யாருடையது என்ற விவாதத்துக்கே அங்கே இடம் இல்லாமல் போய்விட்டது. ஒத்துக்கொள்வது சில வழக்குகளில் சரியாகவும் இருக்கலாம். அதை மருத்துவச் சான்று, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், குற்றப்பத்திரிகை மூன்றையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள், கோர்ட் வராந்தாவில் வேண்டாம்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டியவருக்கு 181-வது பிரிவு, ஓட்டக் கொடுத்தவருக்கு 180. இரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தம்பி இப்போதே புதிதாக எல்.எல்.ஆர். எடுக்கட்டும். நடந்ததை அது மாற்றாது, இனி நடக்காமல் பார்க்கும். ஹெல்மெட் அபராதம் தமிழ்நாட்டில் 1,000 ரூபாய், இரண்டுக்கு 2,000. அதற்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மெசேஜில் வந்த இணைப்பைத் தொட்டுக் கட்டாதீர்கள், அதில் வரும் செயலியை இறக்கவும் வேண்டாம். போலி சலான் அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்கிறவர்கள் நிறையப் பேர். பரிவாகன் அரசுத் தளத்தில் நீங்களாகவே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் கட்டுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிப்பதாகத் தெரிகிறது. வருமான வரம்புக்குள் வந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், தொலைபேசி எண் 15100. தம்பியின் மனைவிக்கு அந்த வரம்புகூடக் கிடையாது, பெண்கள் எல்லோருக்கும் அது உண்டு. அவர் அப்படித்தான் மனுப் போட்டிருக்கவும் கூடும்.

ஸ்டேஷனுக்கு நீங்கள் போங்கள், வண்டி உங்களுடையது. 18-ம் தேதிக்கு மட்டும் தம்பிக்காக நீங்கள் போக முடியாது. கவுன்சலிங்கில் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், கட்டணம் எவ்வளவு, கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்றெல்லாம் கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், இன்றைக்கே மனைவிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.